சேற்றில் புதைந்த வண்டி



பயிர், உரம், வித்து, ஆடு மாடு என்றுதான் இந்தப் பக்கங்களில் நாம் வழமையாகப் பேசுவோம். இம்முறை எடுத்துக்கொண்ட பாடம் வண்டியைப் பற்றியது. "எங்களிடம் வண்டியே இல்லையே, எங்களுக்கு இது எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஒரு வண்டி சேற்றில் புதைந்தால் மண்வெட்டியோடு முதலில் ஓடி வருபவர்கள் யார்? பின்னால் நின்று தள்ளுபவர்கள் யார்? இழுக்கும் கயிறு அறுந்தால் அடிபடுபவர்கள் யார்? நாம்தான். ஆகவே ஓட்டுபவருக்குத் தெரிந்திருப்பதைத் தள்ளுபவரும் தெரிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

இன்னொரு காரணமும் உண்டு. மண்சரிவுக்குப் பயந்து லயத்தை விட்டு எழும்பிய குடும்பங்களுக்குப் புதிய காணித்துண்டுகள் ஒதுக்கப்படும்போது, அங்கே போகும் பாதை பெரும்பாலும் பெக்கோ இயந்திரத்தால் சில நாட்களில் வெட்டப்படுவதாகவே இருக்கிறது. மலைச்சரிவின் உள்பக்கத்தை வெட்டி, வெட்டிய மண்ணை வெளிப்பக்கம் கொட்டி, அதன்மேல் இயந்திரம் இரண்டு தரம் ஓடியதும் "பாதை" என்கிறார்கள். கொட்டிய மண் தானாக இறுகுவதற்குச் சில மழைக்காலம் செல்லும். அதுவரை யாரும் காத்திருப்பதில்லை. சீமெந்து லொறி, தண்ணீர் பவுசர், உரம் ஏற்றிய டிராக்டர், நோயாளியை ஏற்றிய ஜீப் எல்லாம் முதல் மழையிலேயே அதன்மேல் போகவேண்டியிருக்கிறது.

எங்களுக்கு நடந்ததையே முதலில் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி மாதம், இராகலைப் பக்கம் ஒரு தோட்டத்தின் மேற்பிரிவுக்கு விதை உருளைக்கிழங்கு கொண்டுபோயிருந்தோம். திரும்பும்போது பிரசவ வலி கண்ட ஒரு தாயையும் அவருடைய மாமியாரையும் ஏற்றிக்கொண்டோம். அம்புலன்ஸ் வண்டி கீழே பெரிய ரோட்டில் வந்து நிற்பதாக ஏற்பாடு. பாதி வழியில், கான் நிரம்பி மண் பாதையின் மேல் வழிந்த ஓர் இடத்தில், ஜீப்பின் பின்சில்லுகள் இறங்கின. "மிதி, மிதி!" என்று சாரதித் தம்பியைப் பார்த்துக் கத்தியவர்கள் நாங்கள்தான். அவரும் மிதித்தார். சில்லுகள் சுற்றின, சேறு எங்கள் முகத்தில் அடித்தது. அரை நிமிடத்திற்குள் வண்டியின் வயிறு மண்ணில் உட்கார்ந்துவிட்டது. அப்போது மேட்டில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்த வயதான ஒருவர் இறங்கி வந்து, "தம்பி, மிதிக்காதே. மிதிக்க மிதிக்க மண்ணு தின்னும்" என்றார். அந்த வார்த்தை அரை நிமிடம் முன்னதாக வந்திருக்கக் கூடாதா! அந்தத் தாயைக் கம்பளியில் தூளி கட்டி, ஆள் மாற்றி ஆள் தூக்கி, இரண்டு மைல் நடந்துதான் அம்புலன்ஸ் வண்டியிடம் சேர்த்தோம். தாயும் பிள்ளையும் சுகம். ஜீப்பை எடுக்க ஐந்து மணித்தியாலம் சென்றது.

வண்டி ஏன் புதைகிறது?

ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆளும் சாமானும் ஏற்றிய ஒரு ஜீப் ஏறக்குறைய 2000 கிலோ இருக்கும். நான்கு சில்லுக்கும் பிரித்தால் ஒன்றுக்கு 500 கிலோ, அதாவது 1100 இறாத்தல். டயரில் 30 இறாத்தல் காற்று என்றால், ஒவ்வொரு சதுர அங்குல மண்ணின் மேலும் ஏறக்குறைய 30 இறாத்தல் பாரம் இறங்குகிறது என்று பொருள். 500 கிலோவையும் தாங்கும் டயரின் அடித்தடம் 37 சதுர அங்குலம்தான். விரித்து வைத்த ஒரு கையைவிடச் சற்றுப் பெரியது. இனி ஒரு மனிதன் வெறுங்காலோடு நடப்பதை எண்ணுங்கள். ஒற்றைக் காலில் நிற்கும்போதும் ஒரு சதுர அங்குலத்திற்கு வரும் பாரம் இதைவிட மிகக் குறைவு. எனவே "நான் நடந்து பார்த்தேன், தரை உறுதியாகத்தான் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் அதை நம்பி வண்டியை விடக்கூடாது. அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய கால் ஜீப்பின் சில்லைவிட மிகக் குறைவாகவே அழுத்துகிறது.

மாட்டின் குளம்புத் தடத்தைப் பார்ப்பது இதைவிட நல்ல சோதனை. பாரமான மாடு சிறிய குளம்பின் மேல் நிற்பதால், அது மண்ணை அழுத்தும் அளவு டயரின் அளவுக்கு அருகில் வருகிறது. குளம்பு கணுக்கால் வரை இறங்கிய இடத்தில் ஜீப்பும் இறங்கும். மாடு இல்லாத இடத்தில் அலவாங்கு இருக்கிறது. அதைச் செங்குத்தாகப் பிடித்து உடம்பின் பாரத்தால் மெல்ல அழுத்துங்கள். ஒரு சாண் சுலபமாக இறங்கினால் அங்கே வண்டியை விடாதீர்கள்.

காற்றைக் குறைத்தால் டயர் நீளவாக்கில் பரந்து உட்காரும், பாரம் கூடிய இடத்தில் பரவும். 30 இறாத்தலை 15 ஆக்கினால் தடம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். இதை லிபியப் பாலைவனத்தில் 1920களிலும் 1930களிலும் மோட்டார் வண்டிகளில் திரிந்த ரால்ஃப் பாக்னோல்ட் என்ற பிரித்தானிய இராணுவ அதிகாரி நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தார். மணலில் இறங்கிய சில்லுக்கு முன்னால் இரும்புத் தகடுகளைப் போட்டு ஏறுவதும் அவருடைய ஆட்கள் கையாண்ட வழிதான். பாலைவன மணலுக்கும் நுவரெலியாச் சேற்றுக்கும் வெகுதூரம். ஆனால் பாரத்தைப் பரப்பு என்ற பாடம் ஒன்றே. வன்னியில் வயல் செய்தவர்களுக்கு இதை நாம் சொல்லத் தேவையில்லை. உழும்போது டிராக்டருக்கு அகன்ற இரும்புச் சில்லு போடுவதும் இதற்காகத்தான்.

எனினும் ஓர் எச்சரிக்கை. நமது பாதைகளில் சேறு ஒரு முழம் என்றால் அடுத்த முழத்தில் கூரான கல். காற்றை 18, 20 இறாத்தலுக்குக் கீழே கொண்டுபோனால், வளைவில் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடக்கூடும். காற்றடிக்கும் பம்பு கையில் இல்லாமல் காற்றை இறக்க வேண்டாம். சேற்றைத் தாண்டியதும் மீண்டும் அடித்துக்கொண்டே பெரிய ரோட்டில் இறங்க வேண்டும். பாரம் ஏற்றிய லொறிக்கு இந்த வேலையே கூடாது.

நாலு சில்லும் இழுக்குமா?

தோட்டத்துத் துரைமார் ஜீப்பிலும் லேண்ட்ரோவரிலும் வந்த காலத்திலிருந்து நம்மவர்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது: நாலு சில்லும் இழுக்கும் வண்டி எங்கும் போகும் என்பது. லேண்ட்ரோவர் 1948இல் வெளிவந்தது. மலேசியாவில் கேமரன் மலையின் மரக்கறித் தோட்டக்காரர்கள் பழைய லேண்ட்ரோவர்களை இன்றும் ஓட்டுகிறார்கள். நல்ல வண்டிகள்தான். ஆனால் நாலு சில்லு இழுப்பு சேற்றைக் கல்லாக்காது. இரண்டு சில்லு வண்டி நிற்கும் இடத்தைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் கொண்டுபோய், எடுப்பதற்கு இன்னும் கடினமான இடத்தில் உங்களை இறக்கிவிடும்.

இதில் மறைந்திருக்கும் ஒரு விடயத்தைச் சாரதிகளே பலர் அறிவதில்லை. வளைவில் உள்சில்லும் வெளிச்சில்லும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவேண்டும் என்பதற்காக அச்சின் நடுவில் டிபரன்சல் என்ற பல்சக்கரத் தொகுதி இருக்கிறது. அது எந்தச் சில்லு சுலபமாகச் சுற்றுகிறதோ அதையே சுற்றவிடும். ஒரு முன்சில்லும் ஒரு பின்சில்லும் சேற்றில் சுழன்றால், உறுதியான தரையில் நிற்கும் மற்ற இரண்டும் சும்மா நிற்கும். டிபரன்சலைப் பூட்டும் வசதி உள்ள வண்டிகளில் இத்தொல்லை குறைவு. பழைய வண்டிகள் பலவற்றில் முன்சில்லின் நடுவில் கையால் திருப்பிப் பூட்டும் ஒரு குமிழ் உண்டு. அதைத் திருப்பாமல் உள்ளே கம்பியை மட்டும் போட்டால் முன்சில்லு இழுக்காது. நாங்கள் மண்வெட்டி எடுக்குமுன் இப்போது முதலில் பார்ப்பது அந்தக் குமிழைத்தான்.

இருவகைச் சேறு

நமது மலைகளில் சேறு ஒரே வகையானது அல்ல. தேயிலைச் சரிவுகளில் உள்ள செம்மஞ்சள் களி மண் மழையில் மேலே இரண்டு மூன்று அங்குலம் வழுக்கலாகும்; அடியில் இறுகியே இருக்கும். அங்கே வண்டி புதைவதைவிட வழுக்குவதே அதிகம். மேற்சேற்றை மண்வெட்டியால் வழித்து அடித்தரையைக் காட்டினாலே போதும், சில்லு பிடிக்கும். சில்லுக்குச் சங்கிலி இருந்தால் இன்னும் நல்லது.

பள்ளத்தாக்கின் அடியிலும் ஓடைக் கரையிலும் பத்தனைப் புல்வெளிகளின் தாழ்ந்த பகுதிகளிலும் இருக்கும் கறுப்பு மண் வேறு. அழுகிய புல்லும் வேரும் சேர்ந்த அந்த மண் தண்ணீரைப் பஞ்சுபோலப் பிடித்திருக்கும். மேலே பசும்புல் அழகாக மூடியிருக்கும். அதை வழித்தால் கீழேயும் அதே சேறுதான். அங்கே தோண்டுவதைவிடப் பரப்பிப் போடுவதே வழி. சுற்றிலும் புல் காய்ந்திருக்க ஓர் இடம் மட்டும் கரும்பச்சையாக, கோரையும் பாசியுமாக இருந்தால் சுற்றிப் போங்கள்.

மூன்றாவதாக, முன்னே சொன்ன கொட்டிய மண். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் வைகாசியிலிருந்து புரட்டாதி வரையும், இராகலை, கந்தப்பளை, வலப்பனைப் பக்கம் மார்கழி, தையிலும் மழை கடுமையாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் எல்லாப் பக்கமும் பெய்யும். வட்டவளையில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை விழுகிறது. இவ்வளவு தண்ணீரும் கொட்டிய மண்ணுக்குள் இறங்கினால் பாதையின் வெளிப்பாதி எந்த நேரமும் இறங்கலாம். ஆகவே மழை நாளில் வண்டி எப்போதும் உள்பக்கமாக, வெட்டிய தரையின் மேலேயே போகவேண்டும். உள்பக்கம் கான் இருக்கிறதே என்று பயப்படுவார்கள். கானில் விழுந்த வண்டியை நாளைக்கு எடுக்கலாம். வெளிப்பக்கம் போன வண்டியையும் அதில் இருந்தவர்களையும் எங்கே தேடுவது?

புதைந்தபின் என்ன செய்வது?

சில்லு சுற்றுகிறது, வண்டி நகரவில்லை என்று தெரிந்த கணத்திலேயே காலை எடுக்கவேண்டும். அதுவரை சில்லு ஆறு அங்குலம் இறங்கியிருக்கும். அந்த நிலையில் நாலு பேர் தள்ளினால் வந்துவிடும். மிதித்துச் சுழற்றினால் வயிறு மண்ணில் தட்டும்; தட்டியபின் சில்லின்மேல் பாரம் இல்லை, எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது.

எல்லோரையும் இறக்குங்கள். பிள்ளைகளை மேட்டுப் பக்கம் தூரத்தில் நிறுத்துங்கள். ஒரு பெரிய கல்லைத் தாழ்ந்த பக்கச் சில்லுக்கு அணையாக வையுங்கள். பிறகு சுற்றி வந்து பாருங்கள்: எந்தச் சில்லு இறங்கியது, வயிறு எங்கே தட்டுகிறது, புகைக்குழாய் சேற்றில் மூடியிருக்கிறதா? மூடிய குழாயோடு எஞ்சினை ஓடவிட்டால் நச்சுப்புகை வண்டிக்குள் ஏறும். மழைக்கு ஒதுங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே இருப்பவர்கள் மயங்கிப்போவார்கள்; உயிரும் போகலாம்.

எந்தத் திசையில் எடுப்பது? பெரும்பாலும் வந்த வழியேதான். வந்த தடத்தில் வண்டி நின்றது என்பது தெரிந்த விடயம். முன்னால் இருப்பது தெரியாத விடயம். ஆனால் ஆட்களுக்கு முன்னால் தள்ளிப் பார்க்கும் ஆசையே அதிகம்.

எடுக்கும் திசையில் ஒவ்வொரு சில்லுக்கும் முன்னால் ஒரு சரிவு வெட்டவேண்டும். குழியின் சுவரை நேராக விட்டால் சில்லு ஏறாது. ஒரு கஜ நீளத்துக்கு மெல்ல ஏறும் சரிவாக்குங்கள். வயிற்றுக்கு அடியில் தட்டும் மண்ணை மண்வெட்டி நுழையாவிட்டால் கையால் வாருங்கள். அதன்பின் சில்லுக்கு அடியில் போடுவதற்கு நம்மிடம் இல்லாத பொருளா? கவ்வாத்து வெட்டிய மலை பக்கத்தில் இருந்தால் மிலாறு போதும். அதைப் பாதைக்குக் குறுக்காக, நெருக்கமாக, இரண்டு அடுக்காகப் போடுங்கள். நீளவாக்கில் போட்டால் சில்லு அதைப் பின்னால் உதைத்துவிடும். அதன்மேல் கொழுந்துச் சாக்கு, பழைய படங்கு, கற்கள். அன்று எங்கள் ஜீப் வெளியேறியதும் மிலாற்றின் மேல்தான்.

ஜெக் வைக்கும்போது அதன் அடியில் அகலமான பலகை வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஏறாது, ஜெக் இறங்கும். ஜெக்கில் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ கொடுக்க வேண்டாம். சில்லுக்கு அடியில் கல்லைத் தள்ளுவதற்குக் கம்பைப் பயன்படுத்துங்கள்.

சாரதி குறைந்த வேகப் பெட்டியில் இரண்டாம் கியரில், முட்டையின்மேல் கால் வைப்பதுபோல மெல்ல மிதிக்கவேண்டும். முதலாம் கியரில் சில்லு சட்டென்று சுழன்றுவிடும். தள்ளுபவர்கள் சில்லுக்கு நேர் பின்னால் நிற்கக்கூடாது. மிலாறும் கல்லும் பறந்து வரும். பள்ளத்துப் பக்கம் ஒருவரும் நிற்கக்கூடாது. வண்டி பின்னோக்கி வழுக்கினால் ஓட இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கை வையுங்கள். ஒருவர் மட்டுமே சொல்லவேண்டும், மற்றவர்கள் கேட்கவேண்டும்.

கயிறும் டிராக்டரும்

இதை நிதானமாகப் படியுங்கள். கட்டியிழுக்கும் கயிறோ கம்பியோ அறுந்தால் வெட்டுக்கத்திபோல வரும். இழுவைப் பெட்டி கொளுவும் உருண்டைக் கொக்கியில் கட்டி இழுத்து, அந்த உருண்டை உடைந்து பறந்து ஆட்கள் இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. சட்டத்தோடு இணைந்த இழுவைக் கொளுக்கியில் மட்டும் கட்டுங்கள். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டுவையுங்கள். அறுந்தால் பறக்கும் வேகத்தை அது குறைக்கும். கயிற்றின் நீளத்தில் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால் எல்லோரும் நிற்கவேண்டும். இறுகிய கயிற்றைத் தாண்டிக் குதிக்கும் பிள்ளைகளை நாங்கள் கண்டிருக்கிறோம். அவர்களைத் திட்டுவதைவிட, பெரியவர் ஒருவரைக் காவலுக்கு நிறுத்துவது நல்லது.

டிராக்டர் வைத்திருப்போருக்கு இன்னும் ஒன்று. பின்சில்லு புதைந்த டிராக்டரில், சில்லோடு மரக்கட்டையைச் சங்கிலியால் கட்டி முறுக்கும் பழக்கம் உண்டு. கட்டை மண்ணில் பிடித்துச் சில்லு சுற்றமுடியாமல் போனால், சில்லுக்குப் பதிலாக டிராக்டரே அச்சைச் சுற்றி எழும்பும். முன்பக்கம் தூக்கிப் பின்னால் மல்லாக்க விழ இரண்டு விநாடி போதும். குதிக்க நேரம் கிடையாது. டிராக்டரால் இன்னொரு வண்டியை இழுக்கும்போதும் கீழே உள்ள இழுவைக் கம்பியில்தான் கட்டவேண்டும். அச்சுக்கு மேலே எங்கு கட்டினாலும் இதே ஆபத்து. புதைந்த டிராக்டரைப் பின்னோக்கி எடுக்கப் பாருங்கள்.

வண்டியை விட்டுவிட வேண்டிய நேரம்

சில வேளைகளில் தோண்டவே கூடாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களின்மேல் மலை சரிந்ததை நாம் மறக்கவில்லை. மீட்க வந்த இயந்திரங்களே அந்தச் சேற்றில் திணறின. மழை மீண்டும் பெய்தபோதெல்லாம் வேலையை நிறுத்த நேர்ந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் எத்தனையோ பாதைகள் அறுந்தன.

பாதை மெத்தென்று ஆனதற்குக் காரணம் மழை மட்டும்தானா, அல்லது மலையே நகரத் தொடங்கிவிட்டதா? பாதையின் நீளத்துக்கு வில்போன்ற வெடிப்பு, நேற்றில்லாத இடத்தில் ஊற்று, தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குதல் அல்லது நின்றுபோதல், சாயும் மரங்களும் தந்திக்கம்பங்களும், மேலிருந்து உருளும் சிறுகற்கள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஆட்களோடு பக்கவாட்டில் விலகிப் போங்கள். ஓடை வழியே கீழே இறங்க வேண்டாம்; சரியும் மண்ணும் அந்த வழியேதான் வரும். வண்டி யாருடையதானாலும் பரவாயில்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் கிராம சேவகருக்கும் அறிவியுங்கள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் பெய்யும் மழையைக் கொண்டு மூன்று படிகளாக எச்சரிக்கிறது: 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் ஆயத்தம், 150ஐத் தாண்டினால் வெளியேற்றம். இதை வீட்டிலேயே அளக்கலாம். பக்கங்கள் நேரான ஒரு வெற்றுத் தகர டின்னைத் திறந்த வெளியில் வைத்து, காலையில் உள்ளே நிற்கும் தண்ணீரை அடிமட்டத்தால் அளந்தால் போதும். மூன்று அங்குலம் என்றால் 75 மில்லிமீற்றர்.

குழுவாகச் செய்ய ஒரு வேலை

அடுத்த மழைக்கு முன் ஒரு ஞாயிறு பின்னேரம், உங்கள் குடியிருப்பிலிருந்து பெரிய ரோடு வரை பத்துப் பேர் சேர்ந்து நடந்து பாருங்கள். அலவாங்கு ஒன்றைக் கொண்டுபோங்கள். எங்கே இறங்குகிறதோ அங்கே வெள்ளை பூசிய கல் ஒன்றை வையுங்கள். அடைபட்ட கான்களை அன்றே வெட்டிவிடுங்கள். பாதையைக் கெடுப்பது வண்டியைவிட அடைபட்ட கான்தான். மோசமான இரண்டு மூன்று இடங்களில் பாதையோரம் கல்லும் மிலாறும் குவித்து வையுங்கள். மிலாற்றை யாராவது விறகுக்கு எடுத்துப் போவார்கள், அதையும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். இரவில் நோயாளியைத் தூக்கவேண்டி வந்தால் எந்த வீட்டில் கம்பளியும் கம்பும் இருக்கின்றன, யார் யார் தூக்குவார்கள், வண்டி எந்தக் கல் வரைக்கும் மேலே வரலாம் என்பதை ஒரு தாளில் எழுதி, பிள்ளை மடுவத்தின் சுவரில் ஒட்டிவையுங்கள்.